ஏர் பிஸ்டலுக்கு எந்தப் பேரல்? உப்புக்காற்றில் சுடுகிறவர்களுக்கு

பேரல் நீண்டிருந்தால் குறி தப்பாது என்பது துப்பாக்கிச் சுடுதலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும், அவர்களுக்குப் பணம் கட்டும் அப்பாக்களும் சேர்ந்து நம்பும் ஒன்று. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் அது ஏறக்குறைய பொய். நல்ல கம்பெனியின் கட்டைப் பேரலை (நீளம் குறைந்ததை) பட்டறை வைஸில் இறுக்கிச் சுட்டாலும் ஐந்து பெல்லட்டும் (ஏர் பிஸ்டலின் சின்னக் குண்டு) ஒரே ஓட்டைக்குள் போகும். ஆட்டம் பேரலில் இல்லை, கையில் இருக்கிறது. எந்த நீளம், எந்த வகை என்ற கேள்வியை அதனால் கையிலிருந்து தொடங்க வேண்டும். ராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு: உப்புக்கு எது தாங்கும்?

முதலில் எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

விதிதான் வெளிக்கோடு. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் பேரலுக்கென்று தனி நீள வரம்பு கிடையாது. 420 x 200 x 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் பிஸ்டல் முழுதும், கைப்பிடி, எடைக்கட்டி எல்லாம் மாட்டிய நிலையில் அடங்க வேண்டும். மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், அதற்குக் குறைந்த இழுப்பில் விடுபடக் கூடாது. பேரல் துளையின் விட்டம் 4.5 மி.மீ.

வெடிமருந்துத் தோட்டா சுடும் 25 மீட்டர் .22 பிஸ்டலில் கணக்கு கறாரானது. பேரல் 153 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 220 மி.மீ.தான் உச்சம், எடை 1400 கிராம், ட்ரிக்கர் குறைந்தது 1000 கிராம், பெட்டி 300 x 150 x 50. பேரலில் துளை போட்டதும், முனையில் காம்பன்சேட்டர் (காற்றைப் பக்கவாட்டில் கழிக்கும் துண்டு) வைத்ததும் இங்கே செல்லாது. ஏர் பிஸ்டலில் இரண்டும் செல்லும். இந்த வேறுபாடு தெரியாமல் படம் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலுக்குப் பேரல் வரம்பு இல்லை. அந்த வகையில் பழைய மாடலான டாஸ்-35இன் பேரல் 300 மி.மீ. 2016க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர் அதை யோசிக்கவே வேண்டாம்.

சட்டம் பற்றி ஒரு வரி. 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல் 0.45 கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. அது 5 ஜூல்தான். பில்லோடு வாங்கி, பில்லின் நகலைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். .22 என்றால் லைசென்ஸ் இல்லாமல் தொடக் கூடாது, பேச்சே இல்லை.

நீளம் தருவது என்ன, எடுப்பது என்ன

பேரல் நீண்டால் முன் சைட் தள்ளிப் போகும். சைட் இடைவெளி கூடும். இதனால் கிடைக்கும் லாபத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முன் சைட் பிளேடு பின் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகி நிற்கிறது என்று வையுங்கள். இடைவெளி 310 மி.மீ. என்றால் பத்து மீட்டரில் குண்டு 3.2 மி.மீ. விலகும். 360 மி.மீ. என்றால் 2.8 மி.மீ. மிச்சம் அரை மி.மீ.கூட இல்லை. தாளில் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு 8 மி.மீ. ஆக 0.1 புள்ளிக்கு 0.8 மி.மீ. ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் நீளத்துக்கு நீங்கள் பெறுவது ஒரு குண்டுக்கு 0.06 புள்ளி, அதுவும் பிழை செய்த குண்டுக்கு மட்டும்.

நீண்ட இடைவெளிக்கு இன்னொரு முகம் உண்டு. அதே நடுக்கம் சைட்டில் பெரிதாகத் தெரியும். அனுபவசாலிக்கு அது தகவல். பழகாதவருக்கு அது பதற்றம். ஆட்டத்தைத் துரத்தித் துரத்தி, நடுவுக்கு வந்த நொடியில் ட்ரிக்கரைப் பிடுங்குவார். ஒன்பதரை எடுக்கவேண்டியவர் ஏழு எடுப்பது இப்படித்தான்.

"நீளமான பேரலில் பெல்லட் அதிக நேரம் இருக்கும், அதற்குள் கை நகர்ந்துவிடும்" என்ற எதிர்வாதமும் கேட்பீர்கள். அதையும் அளந்து பாருங்கள். முனையருகே பெல்லட் 140 மீட்டர் வேகத்தில் போகிறது. ஐந்து சென்டிமீட்டரைக் கடக்க ஒரு மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். சுட்டபின் கையை உடனே இறக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது கொஞ்சம் உறைக்கும். மற்றவர்களுக்குக் கணக்கில் வராது.

அப்படியானால் நீளம் எங்கேதான் பேசுகிறது? எடை எங்கே உட்காருகிறது என்பதில். பேரலும் அதன் உறையும் காற்றுச் சிலிண்டரும் சேர்ந்து நீளும்போது கனம் மணிக்கட்டிலிருந்து விலகி முன்னே போகிறது. முன்கனம் கூடினால் முனையின் துடிப்பு மெதுவாகும், பரப்பு குறையும். ட்ரிக்கர் இழுப்பில் உள்ள சின்னக் கோணல் முனையை அவ்வளவு தள்ளாது. இது நிஜமான லாபம். விலை மணிக்கட்டில் கொடுக்க வேண்டும். போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் பயிற்சிச் சூடு. இறக்கி மீண்டும் தூக்கும் தடவைகளையும் சேர்த்தால் கை நூறு முறைக்கு மேல் ஏறும். நாற்பதாவது குண்டுக்கு மேல் எட்டும் ஏழும் ஆறு மணி திசையில் (நேர் கீழே) வரிசையாக விழத் தொடங்கினால், பெரும்பாலும் முன்கனம் உங்கள் மணிக்கட்டுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

ஈயக்குண்டு வைத்துச் சோதியுங்கள்

லட்சத்துக்கு மேல் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். மீன்வலைச் சாமான் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டு போதும். சமையல் தராசிலோ நகைக்கடைத் தராசிலோ நிறுத்து, சுமார் 10 கிராம் வருவதாக ஐந்தாறு பொறுக்கிக்கொள்ளுங்கள். ஈயம் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நாணயம். ஒன்று ஏறக்குறைய 8 கிராம்.

பயிற்சி இடத்தில் ஒரு கட்டை பிஸ்டலை இரவல் வாங்குங்கள். பெல்லட் இல்லை என்று திறந்து பார்த்து, பேரலுக்குள் ஆரஞ்சுப் பாதுகாப்புக் கயிற்றைச் செருகுங்கள். இந்தச் சோதனையில் ட்ரிக்கர் வேலையே கிடையாது. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கையை ஏற்றி 15 நொடி பிடியுங்கள், 45 நொடி இறக்கி ஓய்வெடுங்கள். இப்படிப் பத்து முறை. முன் சைட் எத்தனையாவது நொடியில் அமைதியாகிறது, எத்தனையாவதில் அமைதி கலைகிறது என்று பக்கத்தில் ஒருவர் எழுதட்டும். நல்ல கைக்கு ஏழெட்டு நொடிக்குள் அந்த அமைதி வந்து போய்விடும்.

பிறகு பேரல் உறையின் அடியில், முனைக்கு இரண்டு விரல் பின்னால், ஓர் ஈயக்குண்டை இன்சுலேஷன் டேப்பால் கட்டுங்கள். சைட்டிலும் முனைத் துவாரத்திலும் டேப் படக் கூடாது. அதே பத்து ஏற்றம். அப்புறம் 20 கிராம், 30, 40. இரண்டு எடைக்கு நடுவே பத்து நிமிடமாவது கையைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் அயர்ச்சியை எடையின் மேல் பழி போடுவீர்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. எடை கூடக் கூட ஆட்டம் மெதுவாவதைக் காண்பீர்கள். ஒரு கட்டத்தில், எட்டாவது ஏற்றத்துக்கு மேல் முன் சைட் தானாகக் கீழே வழியும். வழிவதற்கு முந்தைய எடைதான் உங்களுடையது. வேறு இரண்டு நாளும் இதையே செய்யுங்கள், அதில் ஒரு நாள் பயிற்சி முடிந்து களைத்த கையோடு. மூன்று நாளும் 10 கிராமுக்குள் நின்றால் கட்டைப் பேரல் போதும். 30க்கு மேல் சுகமாகத் தாங்கினால் முழு நீளம் வாங்கலாம். இடைப்பட்டவர்கள் கட்டையை வாங்கி, எடைக்கட்டி போட்டு வளருங்கள். கட்டையில் எடை சேர்க்கலாம். நீண்டதில் எடை குறைக்க வழியில்லை. சந்தேகம் வந்தால் நாங்கள் கட்டைப் பக்கம்தான் சாய்வோம்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சோதனைகூட வேண்டியதில்லை. கட்டைதான். தோளும் மணிக்கட்டும் முற்றாத வயதில் முன்கனம் கொடுத்தால் இடுப்பை வளைத்துப் பின்னால் சாயப் பழகிவிடுவார்கள், அந்தச் சாய்வை எடுக்க ஆண்டுகள் ஆகும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. கிட்டப் பார்வை மங்கும் வயதில் முன் சைட் கொஞ்சம் தள்ளியிருந்தால் கூர்மையாகத் தெரியும். கை தாங்கினால் அவர்கள் முழு நீளம் எடுப்பதில் நியாயம் உண்டு.

வகைகள்

வெறும் பேரல், அதன்மேல் அலுமினிய உறை: எளிமையானது. துடைக்கவும் எளிது.

முனைப்பக்கம் துளையிட்ட பேரலில் பெல்லட் வெளியேறும் முன்பே காற்றின் ஒரு பகுதி பக்கவாட்டில் கழிந்துவிடுகிறது. முனை எம்புவது குறையும். பெல்லட்டின் பின்புறத்தைக் காற்று இடறுவதும் குறையும். காம்பன்சேட்டர் அதே வேலையை முனைக்கு வெளியே செய்கிறது. உயர்ந்த ரகப் பிஸ்டல்கள் பலவற்றிலும் இப்போது இரண்டில் ஒன்று இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் துளைகளின் ஓரத்தில் ஈயத்தூள் படியும். கடலோரத்தில் அதன்மேல் உப்பீரம் ஒட்டும். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி, நைலான் பிரஷால் துளைகளைத் தட்டிவிடச் சோம்பல்படுகிறவர் வெறும் பேரலோடு நிற்பது நல்லது. ஈயத்தூள் கையிலும் மூக்கிலும் போகும் பொருள். துடைத்த துணியை அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கார்பன் உறை போட்டவை எடை குறைந்தவை, துருப்பிடிக்காதவை. அதற்குள் இருக்கும் பேரல் எஃகுதான் என்பதை மறந்துவிடுவார்கள், அவ்வளவே குறை.

.22இல் தேர்வு வேறு மாதிரி. பார்தினி எஸ்பியின் பேரல் 120 மி.மீ., வால்தர் எஸ்எஸ்பியில் 150, ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ93இல் 152. மூன்றிலும் உலகத்தரப் போட்டிகளில் சுடுகிறார்கள். குட்டையில் கனம் கைக்கு அருகே இருப்பதால் மூன்று நொடிக்குள் கை ஏற்றிச் சுடும் வேகச் சுற்றில் முனை சீக்கிரம் ஏறும், ஆனால் கறுப்பைத் தாண்டி மேலே ஓடிவிடவும் செய்யும். நீண்டதில் ஏற்றம் சற்று மெதுவு, நிற்பது உறுதி, சுட்டபின் முனை எம்புவதும் குறைவு. தொடக்கக்காரர் 150ஐ ஒட்டியதை எடுப்பது பாதுகாப்பு.

பேரலை அறுத்துக் கட்டையாக்கலாமா என்று சிலர் லேத் பட்டறைப் பக்கம் பார்க்கிறார்கள். வேண்டாம். போட்டிப் பேரல்கள் பலவற்றில் கடைசிச் சில சென்டிமீட்டர் இம்மியளவு இறுகலாகச் செய்யப்பட்டிருக்கும். பெல்லட்டைச் சீராக்கி அனுப்புவது அதுதான். அறுத்தால் முதலில் போவது அதுவே. வாயின் வட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் பெல்லட்டும் சாயும். .22இல், அதற்கென்றே லைசென்ஸ் பெறாமல் பேரலைக் குறைப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட.

கடலோரக் கணக்கு

பாம்பன் பாலத்து இரும்பை ஒரு நூற்றாண்டு ஓயாமல் சாயம் பூசியே காப்பாற்றினார்கள். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் சைக்கிள் வைத்திருப்பவருக்கும் கதை தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னல் திறந்த வீட்டில் பிஸ்டலை மேசைமேல் ஒரு வாரம் விட்டால் ட்ரிக்கர் ஆணியில் செம்புள்ளி விழும். வாடைக் காலத்தில் ஈரம் வேறு சேரும்.

துடைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது, அதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். உப்பு படிந்த உலோகத்தின்மேல் நேராக எண்ணெய் தடவினால் உப்பு அடியில் சிக்கிக்கொண்டு உள்ளே அரிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை ஒற்றி எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கேன் தண்ணீர். பிறகு உலர்ந்த பருத்தித் துணி. கால் மணி நேரம் மின்விசிறிக் காற்று. கடைசியில், எண்ணெய் தொட்ட துணியால் எஃகுப் பாகங்களில் மட்டும் ஒரு பூச்சு. சிலிண்டர் வாயிலும் வால்விலும் சாதாரண எண்ணெய் படவே கூடாது. 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும். அங்கே உள்ள ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ், அதுவும் விரல்நுனியில் பளபளப்புத் தெரியும் அளவு.

அலுமினிய உறையில் எஃகு ஸ்க்ரூ இருக்கும் இடங்கள் இன்னும் மோசம். இரண்டு உலோகம், நடுவில் உப்பீரம். பாட்டரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். எடைக்கட்டி ஸ்க்ரூவை ஆறு மாதம் தொடாமல் விட்டால் அப்புறம் ஆலன் கீதான் வழுக்கும். மாதம் ஒருமுறை தளர்த்தி, மரையில் துளி கிரீஸ் தொட்டு மாட்டுங்கள்.

பிஸ்டலோடு வரும் பஞ்சுப் பெட்டி பயணத்துக்கு மட்டும். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் பேரலுக்கு ஒத்தடம் கொடுக்கும். வீட்டில் ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசி போடாதீர்கள், தவிட்டுத்தூள் ட்ரிக்கருக்குள் போகும்.

காற்று நிரப்புவதிலும் ஈரம் வரும். கைப்பம்பால் நம் ஊர்க் காற்றை அடித்தால் தண்ணீரையும் சேர்த்துத்தான் அடிக்கிறீர்கள்; அது சிலிண்டருக்குள்ளும் பேரலின் பின்முனையிலும் துருவாக முளைக்கும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் உள்ள உயரழுத்தக் கம்ப்ரசரிலோ, அப்படி நிரப்பிய ஸ்கூபா சிலிண்டரிலோ மட்டும் நிரப்புங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் 8, 10 பாரோடு நின்றுவிடும், உதவாது. ஆக்சிஜன் சிலிண்டர் உயிருக்கே ஆபத்து. சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள்: பத்தாண்டு தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். கட்டைப் பேரலுக்குக் கட்டைச் சிலிண்டர் வருவதால் ஒரு நிரப்புக்குக் கிடைக்கும் குண்டுகளும் குறையும். நிரப்பும் வசதி மதுரையில்தான் என்றால் இரண்டாவது சிலிண்டர் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பேரலின் உட்புறத்தை அடிக்கடி சுரண்ட வேண்டாம். ஏர் பிஸ்டலில் வெடிமருந்துக் கசடு கிடையாது. ஆயிரம் பெல்லட்டுக்கு ஒருமுறை கம்பளிப் பஞ்சுப் பெல்லட் இரண்டு மூன்றைச் சுட்டு விட்டால் போதும். வெகுநாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு பஞ்சில் அரைத் துளி எண்ணெய். அடுத்தமுறை முதல் ஐந்தாறு குண்டு சிதறும், அதைப் பார்த்துச் சைட்டைத் திருகாதீர்கள். எஃகுக் கம்பியை முனைப்பக்கமிருந்து நுழைப்பவரிடம் பிஸ்டலை இரவல் கொடுக்காதீர்கள். வாயில் ஒரு கீறல் விழுந்தால் போச்சு.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

பழையதை வாங்குவதென்றால் பேரல் வாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள், உறையைக் கழற்றச் சொல்லி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வைஸில் மரக்கட்டை அணைகொடுத்துப் பிஸ்டலின் உடற்சட்டத்தைப் பிடித்து (பேரலைப் பிடித்தால் முடிவு பொய்யாகும்) ஐந்து குண்டு வீதம் ஐந்து தாள் சுடுங்கள். துளையின் வெளிவிளிம்பு 7 மி.மீ.க்குள் இருந்தால் கை குலுக்கலாம். அகன்றால் உடனே பேரலைக் குறை சொல்லாமல் பெல்லட் தலை அளவை மாற்றிப் பாருங்கள்: 4.49, 4.50, 4.51, 4.52. ஒன்றில் சுருங்கும். எதிலும் சுருங்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலே பழுதானது. அணியோடு போனவருக்கே அந்தப் பாடு என்றால், ராமநாதபுரத்தில் கூரியருக்குக் காத்திருப்பவர் நிலையை யோசியுங்கள். நம் பக்கத்துப் பயிற்சியாளர்கள் எந்த மாடலைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களோ, அதே மாடல் வாங்குவது பாதி நிம்மதி.

கட்டையிலிருந்து நீளத்துக்கு மாறினால் மூன்று விஷயம் மாறும். முன் சைட் கண்ணிலிருந்து விலகுவதால் பிளேடு ஒல்லியாகத் தெரியும், இருபக்க வெளிச்ச இடைவெளி கூடும். பின் பள்ளத்தைக் குறுக்குங்கள் அல்லது அடுத்த அகலப் பிளேடு போடுங்கள். ஒரு கிளிக்குக்குக் குண்டு நகரும் தூரம் குறையும், பழைய கிளிக் கணக்கு உதவாது. கைப்பிடிக் கோணமும் சற்று மாறவேண்டி வரலாம்: கண்ணை மூடிக் கையை ஏற்றித் திறந்தால் முன் சைட் பள்ளத்துக்குக் கீழே கிடந்தால் முன்கனம் மணிக்கட்டை இழுக்கிறது. சைட்டைத் திருகி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். கைப்பிடியைச் சரிசெய்யுங்கள், அல்லது எடைக்கட்டி போட்டிருந்தால் அதில் பத்து கிராம் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, முன் சைட் பிளேடு. உப்பும் விரல் வியர்வையும் சேர்ந்து அதன் கறுப்பை ஓராண்டில் தின்றுவிடும். மணல் வெளிச்சம் பட்டால் ஓரம் மினுங்கி, குண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். பிளேடைத் தனியே கழற்றி, பிஸ்டலும் சிலிண்டரும் இல்லாத இடத்தில், இடுக்கியில் பிடித்து ஒரு வில்லைச் சூடம் கொளுத்திய புகையில் காட்டினால் மையாகக் கறுக்கும். விரல் படாமல் மாட்டுங்கள். இரண்டு வாரம் தாங்கும்.